சீனர் கண்ட ஐந்தும் மூலிகை மருத்துவமும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்ற ஐயம் எனக்கு எழவில்லை. சென்ற ஓராண்டாக என் ஓய்வு நேரத்தையெல்லாம் கவர்ந்துகொண்ட பொருள் ஒன்று உண்டு. யான் மருத்துவன் அல்லேன். சீன மொழி அறிந்தவனும் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, இருபது ஆண்டுகளுக்கு மேலாக இரயில்வே அலுவலகத்துக் கணக்கேடுகளோடு காலம் கழிப்பவன். வரலாறு படிப்பதில் உள்ள விருப்பம் ஒன்றே எனக்குள்ள தகுதி. பிழை காணின் அறிந்தோர் பொறுத்தருள்க.

அப்பொருள் என்னை வந்தடைந்த வகையை முதலிற் கூறுகிறேன். எங்கள் குடியிருப்பில் அடுத்த வீட்டில் வாழும் நண்பரின் தாயாருக்குக் கால்களில் வீக்கம் கண்டது. மருத்துவர் சோதித்து, சிறுநீரகம் தளர்ந்துள்ளது என்றும், உணவில் உப்பைப் பெரிதும் குறைத்தல் வேண்டும் என்றும் கூறினார். முதியவருக்கோ உப்பில்லாத கஞ்சி தொண்டைக்குள் இறங்கவில்லை. அவ்வேளையில் நண்பர் கையில் வண்ணப் படம் ஒன்று கிடைத்தது. சீன மருத்துவத்தின் ஐந்து தத்துவங்கள் அதில் வட்டமாக வரையப்பட்டிருந்தன. சிறுநீரகத்திற்கு நேரே நீர் என்றும், கருமை என்றும், உப்புச் சுவை என்றும் எழுதப்பட்டிருந்தன. “ஐயா, சிறுநீரகத்துக்கு உரிய சுவையே உப்புத்தான் என்று சீனர்கள் எழுதி வைத்திருக்கிறார்களே! அம்மாவுக்கு உப்பை நிறுத்துவது தவறல்லவா?” என்று அவர் என்னை வினவினார். உடனே விடை கூற எனக்குத் தெரியவில்லை. “மருத்துவர் சொன்னதை மட்டும் மாற்றாதீர்கள், நான் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்” என்றேன். அன்று தேடத் தொடங்கியதன் பயனே இக்கட்டுரை.

ஐந்து என்பவை யாவை?

நிலம், நீர், தீ, வளி, வெளி என்பன நம்மவர் கண்ட ஐம்பூதங்கள். சீனர் கண்ட ஐந்தோ மரம், தீ, மண், உலோகம், நீர் என்பன. வளியும் வெளியும் அங்கே இல்லை. மரமும் உலோகமும் ஈங்கே இல்லை. வேறுபாடு இதனோடு நிற்பதன்று. நம் பூதங்கள் பொருள்கள் எவற்றால் ஆயின என்பதைக் கூறுவன. சீனர் தம் ஐந்தையும் ‘ஊ சிங்’ என்பர். ‘சிங்’ என்னும் சொல்லுக்கு நடத்தல், செல்லுதல் என்பது பொருள். ஆகவே அவை ஐந்து பொருள்கள் என்பதினும் ஐந்து நடைகள் என்பதே பொருந்தும். முளைத்து எழுவது மரத்தின் நடை. கொழுந்துவிட்டு மேலேறுவது தீயின் நடை. தாங்கி விளைவிப்பது மண்ணின் நடை. இறுகி ஒடுங்குவது உலோகத்தின் நடை. நனைத்துக் கீழிறங்குவது நீரின் நடை.

இவற்றினிடையே இருவகை உறவு கூறப்படும். ஒன்று பிறப்பிக்கும் உறவு. மரம் தீயைப் பிறப்பிக்கும். தீ சாம்பலாகி மண்ணைப் பிறப்பிக்கும். மண் உலோகத்தையும், உலோகம் நீரையும், நீர் மரத்தையும் பிறப்பிக்கும். மற்றொன்று அடக்கும் உறவு. மரம் மண்ணைப் பிளக்கும். மண் நீரை அணையிடும். நீர் தீயை அவிக்கும். தீ உலோகத்தை உருக்கும். உலோகம் மரத்தை வெட்டும்.

சீனரின் பழைய ஆவணத் தொகுப்பாகிய ‘ஷூ ஜிங்’ நூலில் ஐந்தும் தத்தம் சுவையோடு கூறப்படுகின்றன. நீருக்கு உப்பு, தீக்குக் கைப்பு, மரத்திற்குப் புளிப்பு, உலோகத்திற்குக் கார்ப்பு, மண்ணுக்கு இனிப்பு. நம் மருத்துவர் கூறும் ஆறு சுவைகளுள் துவர்ப்பு இவற்றில் இல்லை. நம்மவர் ஒவ்வொரு சுவைக்கும் இரண்டு பூதங்களைக் கூட்டிக் கூறுவர். இனிப்பு மண்ணும் நீரும், கார்ப்பு காற்றும் தீயும் என்பது போல. சீனர் ஒன்றுக்கு ஒன்றாக நேர்க்கோடு இட்டனர். எளிமை மிக்க இந்நேர்க்கோடே பிற்காலத்தில் நன்மைக்கும் மயக்கத்திற்கும் ஒருங்கே காரணமாயிற்று.

அரசவையிற் பிறந்த கொள்கை

இக்கொள்கை மருத்துவர் இல்லத்தில் வளர்ந்ததன்று. அரசவையில் வளர்ந்தது என்பதை அறிந்தபோது யான் பெரிதும் வியந்தேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சி நாட்டில் வாழ்ந்த ட்ஸௌ யென் என்னும் அறிஞர், அரச மரபுகள் தோன்றுவதும் மறைவதும் இவ்வைந்தின் முறைப்படியே என்று உரைத்தார். கி.மு. 221இல் சீனம் முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் ஷி ஹுவாங், தமக்கு முன்னிருந்த ஜௌ மரபு தீக்கு உரியது எனக் கொண்டு, அதனை அவித்த தம் மரபை நீர் மரபு எனச் சாற்றினார். கருநிறமே அரச நிறமாயிற்று. நீருக்குரிய எண் ஆறு என்பதால் தொப்பியின் உயரம் ஆறு அங்குலம், வண்டியின் அகலம் ஆறு அடி, பூட்டிய குதிரைகள் ஆறு என விதிக்கப்பட்டன. மஞ்சள் ஆற்றின் பெயரும் மாற்றப்பட்டது. இவ்வளவும் செய்தும் அவர் மரபு 15 ஆண்டுகளே நிலைத்தது.

அரசியலில் வழங்கிய இந்த அட்டவணை கி.மு. 2, 1ஆம் நூற்றாண்டுகளில் மருத்துவத்துள் வேரூன்றியது. அக்காலத்தில் தொகுக்கப்பெற்ற ‘மஞ்சள் பேரரசரின் உள்நூல்’ கல்லீரலை மரத்தோடும், இதயத்தைத் தீயோடும், மண்ணீரலை மண்ணோடும், நுரையீரலை உலோகத்தோடும், சிறுநீரகத்தை நீரோடும் இணைத்தது. பருவம், திசை, நிறம், சுவை, சினம், அச்சம் முதலிய உணர்ச்சிகள் யாவும் அவ்வரிசையில் அமர்ந்தன.

ஆயின், இந்த இணைப்பு தொடக்கத்திலேயே ஐயத்திற்கு இடமின்றி இருந்ததன்று. வேள்விச் சடங்குகளைக் கூறும் பழைய மரபு ஒன்றில் இதயமே மண், கல்லீரல் உலோகம், நுரையீரல் தீ, மண்ணீரல் மரம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் ஜெங் சுவான் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து, மருத்துவர் இணைக்கும் வகையில் மருந்து கொடுத்தால் நோயாளி பிழைக்கிறார், மாற்றிக் கொடுத்தால் மடிகிறார் அல்லது நோய் முற்றுகிறது என்று காரணம் காட்டி மருத்துவர் பக்கமே தீர்ப்பளித்தார். ஏட்டில் உள்ளதை அவர் ஏட்டால் அளக்கவில்லை, நோயாளியால் அளந்தார். இச்செய்தி நினைவில் நிற்கத் தக்கது.

மருந்துப் பெட்டி தனிவழி சென்ற காலம்

கொள்கை இவ்வாறு வளர்ந்தபோதும், மூலிகை மருந்துகள் நெடுங்காலம் தம் வழியிலேயே சென்றன. 1973இல் சாங்ஷா நகரை அடுத்த மாவாங்துயி என்னுமிடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றிலிருந்து பட்டுத் துணியில் எழுதிய மருத்துவச் சுவடிகள் வெளிவந்தன. அவற்றுள் ஒன்று 52 நோய்களுக்கு ஏறத்தாழ 280 மருந்து முறைகளைக் கூறுகிறது. காயம், பாம்புக்கடி, மூலம் என நோய்க்கு நேராக மருந்து கூறும் அச்சுவடியில் ஐந்தின் அட்டவணைக்கு இடமில்லை.

அடுத்துத் தோன்றிய ‘ஷென்னோங் மூலிகை நூல்’ 365 மருந்துப் பொருள்களை மூன்று தரங்களாக வகுத்தது. ஒவ்வொன்றின் சுவையையும், தட்பம் வெப்பம் என்னும் தன்மையையும், தீர்க்கும் நோயையும் கூறியதே ஒழிய, ஐந்தையும் கொண்டு மருந்துகளை ஒழுங்கு செய்யவில்லை.

கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங் சீன மருத்துவத்தின் தந்தையருள் ஒருவராகப் போற்றப்படுபவர். இருநூற்றுக்கு மேற்பட்டோரைக் கொண்ட தம் குலத்தில் பத்தாண்டுகளுக்குள் மூன்றில் இரு பங்கினர் மாண்டனர் என்றும், அவர்களுள் பத்தில் எழுவர் காய்ச்சலால் இறந்தனர் என்றும் அவர் நூலின் முன்னுரை கூறுகிறது. அத்துயரத்தில் எழுந்த அவரது காய்ச்சல் நூல், வியர்வை உண்டா, தாகம் உண்டா, நாடி மேலோடுகிறதா, ஆழ்ந்தோடுகிறதா என்று பார்த்தே மருந்து கூறுகிறது. இலவங்கப்பட்டை, இஞ்சி, அதிமதுர இனத்து வேர் முதலியன அவர் கையாண்டவை. ஐந்தின் கொள்கையை அவர் வழியினர் அறியாமல் இல்லை. கல்லீரல் நோயுறின் அது மண்ணீரலைத் தாக்கும் ஆதலால் மண்ணீரலை முற்பட வலுப்படுத்துக என்னும் அறிவுரை அவர் பெயரில் வழங்கும் மற்றொரு நூலில் உண்டு. ஆயினும் அவர் மருந்துகளுக்கு அடிப்படை அட்டவணை அன்று, கண்கூடான குறிகளே.

நம் நாட்டுக் கொள்கையும் சீனம் சென்றது. கி.பி. 7ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் என்னும் மருத்துவர், நிலம், நீர், தீ, காற்று என்னும் நான்கு பூதங்களால் 404 நோய்கள் உண்டாகும் என்ற பௌத்த நெறியின் கருத்தைத் தம் நூலில் எழுதினார். அந்நூற்றாண்டிலேயே நாளந்தாவில் தங்கிக் கற்ற இத்சிங், சீனத்து மூலிகைகள் பல இந்தியாவில் இல்லை என்றும், கடுக்காய் முதலியன இந்தியாவில் உண்டு என்றும் ஒப்பிட்டு எழுதினார். இரு நெறிகளும் சந்தித்தன, ஒன்றையொன்று மதித்தன, ஆயினும் சீனர் தம் ஐந்தை விடவில்லை.

தந்தையைத் தேடிய மருத்துவர்

ஐந்தின் கொள்கை மருந்துப் பெட்டிக்குள் முழுமையாகப் புகுந்தது சோங் மரபின் காலத்தில். அதற்கு வழிகோலியவர் சியென் யீ என்னும் குழந்தை மருத்துவர். ஏறத்தாழ 1032 முதல் 1113 வரை வாழ்ந்தவர். அவர் வாழ்க்கை நம்போன்றோர் நெஞ்சைத் தொடுவது. தென்னாட்டிலிருந்து வடக்கே குடியேறிய குடும்பம் அவருடையது. மூன்று வயதிலேயே தாயை இழந்தார். தந்தை மருத்துவர், ஆயினும் மதுவிலும் ஊர் சுற்றுவதிலும் நாட்டமுற்று ஒருநாள் கீழ்க்கடற்பக்கம் சென்றவர் திரும்பவேயில்லை. அத்தை எடுத்து வளர்த்தார். அத்தையின் கணவர் குடும்பத்தில் மருத்துவம் கற்றார். வளர்ந்தபின் உண்மை கூறப்பட்டபோது அழுது, தந்தையைத் தேடிப் புறப்பட்டார். எட்டொன்பது முறை சென்று சென்று மீண்டு, இறுதியில் தந்தையைக் கண்டு அழைத்து வந்தார். தந்தை பிரிந்து அப்போது முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஊரார் அதனைப் பாடலாகப் பாடினர் என்று சோங் மரபின் வரலாறு கூறுகிறது.

குழந்தைக்குத் தன் நோயைச் சொல்லத் தெரியாது, நாடியும் சிறியது, அழுதால் கலையும். ஆகவே சியென் யீ முகத்தின் நிறத்தையும், கண்ணையும், நடுக்கத்தையும், தூக்கத்தையும் பார்த்து நோய் எந்த உறுப்பைச் சார்ந்தது என முடிவு செய்தார். உறுப்புகளுக்கு ஏற்ற மருந்துகளுக்கு நிறங்களின் பெயர்களையே இட்டார். கல்லீரலுக்குப் ‘பச்சையை வடிக்கும் உருண்டை’. இதயத்திற்குச் ‘சிவப்பை வழிநடத்தும் பொடி’. மண்ணீரலுக்கு ‘மஞ்சளை வடிக்கும் பொடி’. நுரையீரலுக்கு ‘வெண்மையை வடிக்கும் பொடி’. இவற்றுள் நுரையீரல் மருந்து மல்பெரி வேரின் பட்டை முதலியவற்றை அரிசியோடு காய்ச்சித் தருவது. சிறுநீரகத்திற்கோ வடிக்கும் மருந்தே அவர் கூறவில்லை. குழந்தையின் சிறுநீரகம் வலுப்படுத்தற்கே உரியது என்பது அவர் கருத்து. ஜாங் ஜோங்ஜிங் வகுத்த எட்டுச் சரக்கு மருந்திலிருந்து வெப்பம் மிக்க இலவங்கப்பட்டையையும் நாபியையும் நீக்கி, எஞ்சிய ஆறினைக் கொண்டு அவர் அமைத்த உருண்டை இன்றும் சீன மருந்துக் கடைகளில் விற்பனையாகிறது.

அரசிளங்குமரன் ஒருவன் வலிப்பால் துன்புற்றபோது சியென் யீ மஞ்சள்மண் சேர்த்த கஷாயம் தந்தார், குழந்தை நலமடைந்தது. பேரரசர் ஷென்சோங் வியந்து, மண் எவ்வாறு நோயைத் தீர்த்தது என்று வினவ, மண் நீரை அடக்கும் என்றும், நீர் சமநிலை எய்தினால் காற்று தானே அடங்கும் என்றும் விடை கூறினார். பேரரசர் மகிழ்ந்து அரண்மனை மருத்துவப் பதவி அளித்தார். நோய் மண்ணால் தீர்ந்ததோ, தானே தணிந்ததோ, இன்று எவரும் அறுதியிட இயலாது. ஆயினும் ஒன்று தெளிவு. அரசருக்குச் சொல்ல ஐந்து இருந்தது. குழந்தையைப் பார்க்க அவருக்குக் கண் இருந்தது. அவர் முறைகள் 1119இல் நூலாகத் தொகுக்கப்பெற்றன.

பசியின் நோய்

அடுத்த அடியை வைத்தவர் 12ஆம் நூற்றாண்டினரான ஜாங் யுவான்சு. இருபத்தேழாம் வயதில் அரசுத் தேர்வெழுதியபோது, மறைந்த அரசரின் விலக்கப்பட்ட பெயரெழுத்தைத் தவறி எழுதிவிட்டார் என்பதற்காகத் தேர்வில் தள்ளப்பட்டு மருத்துவத்திற்கு வந்தவர். ஒவ்வொரு மூலிகையும் எந்த உறுப்பின் வழியே செல்லும் என்று வகுத்தவர் அவரே. மருந்தின் சுவையும், அது செல்லும் உறுப்பும், பருவமும் ஒரே வரிசையில் இணைந்தன. இன்று நாம் காணும் அட்டவணைகள் பலவற்றிற்கு மூலம் அவர் உழைப்பே.

அவர் மாணவர் லீ காவ் (1180–1251). செல்வக் குடியில் பிறந்தவர். தாயார் நோயுற்றபோது மருத்துவர் பலர் வந்தனர். ஒருவர் கூறியதை மற்றவர் மறுத்தனர். பலவகை மருந்து தந்தனர். இன்ன நோய் என்று அறியப்படாமலே தாயார் இறந்தார். அத்துயரம் தாங்காமல் பெரும்பொருள் கொடுத்து ஜாங் யுவான்சுவிடம் மாணவரானார். ஆயினும் அவர் மருத்துவத்தைத் தொழிலாகக் கொள்ளாமல் ஜியுவான் என்னும் ஊரில் வரித்துறை அலுவலராகப் பணியாற்றினார். 1202இல் அங்கே முகம் வீங்கும் கொள்ளைநோய் பரவியபோது அவர் அமைத்த மருந்து பலரைக் காத்தது. அம்முறை யாவரும் காணும்படி கல்லிற் பொறிக்கப்பட்டது. அலுவலக நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கு இது பெருமையன்றோ!

1232இல் மங்கோலியர் கைஃபெங் தலைநகரை முற்றுகையிட்டனர். முற்றுகை நீங்கியபின் நகரில் கொள்ளைநோய் புகுந்தது. ஐம்பது நாட்களில் 9 இலட்சத்திற்கு மேற்பட்ட பிணங்கள் நகர வாயில்கள் வழியே வெளியேறின என்று அம்மரபின் வரலாறு எழுதுகிறது. எண் மிகையாயினும் அழிவு பெரிது என்பதில் ஐயமில்லை. மருத்துவர்கள் அதனைக் குளிரால் வந்த காய்ச்சல் எனக் கொண்டு, வியர்க்கவும் கழியவும் மருந்து தந்தனர். நகரினுள் இருந்த லீ காவ் வேறுவகையாகக் கண்டார். இம்மக்கள் மாதக்கணக்கில் பசித்தவர்கள்; அஞ்சியவர்கள்; உழைத்துக் களைத்தவர்கள்; பின்னர்த் திடீரென உணவு கிடைத்தபோது வயிறு தாங்காதவர்கள். இவர்களுக்குக் கழிச்சல் மருந்து கொடுப்பது எஞ்சிய உயிரையும் கழிப்பதே என்றார்.

மண்ணே நான்கையும் தாங்குவது. ஆகவே மண்ணுக்குரிய மண்ணீரலும் வயிறும் கெட்டால் அனைத்தும் கெடும் என்பது அவர் கொள்கை. ஜின்செங், ஹுவாங்சி வேர், அதிமதுர இனத்து வேர் முதலிய இனிப்புச் சுவையுடையவற்றை முதன்மையாக வைத்து, ஆரஞ்சுத் தோல் முதலியன சேர்த்து எட்டுச் சரக்குக் கஷாயம் ஒன்றை அமைத்தார். 1249இல் ‘மண்ணீரல் வயிற்று நூல்’ எழுதினார். நாள்பட்ட இருமலால் மெலிந்தவனுக்கு இருமல் மருந்தைக் காட்டிலும் செரிமானத்தை வலுப்படுத்துவதே முதற்கடன் என்னும் வழக்கமும் இந்நெறியோடு ஒத்தது. மண் உலோகத்தைப் பிறப்பிக்கும் என்பது அதற்குக் கூறும் காரணம். இங்கே ஐந்தின் கொள்கை ஒரு பேருண்மைக்கு மொழியாக அமைந்தது. அவ்வுண்மை யாதெனின், பசித்தவனை நோயாளி என்று மட்டும் பார்க்கலாகாது என்பதே.

தடுமாறியதும் உண்டு

ஜாங் யுவான்சுவின் வழியை 1578இல் முடித்த தம் பெருநூலில் லீ ஷிஜென் ஏற்றுப் போற்றினார். 1,892 மருந்துப் பொருள்களைக் கொண்ட அந்நூலால் அது நாடெங்கும் பரவியது. பரவிய அளவில் மயக்கமும் பரவியது. மூலிகை இன்ன உறுப்புக்கே செல்லும் என்று கட்டிப்போடுவதை 18ஆம் நூற்றாண்டில் சூ தாசுன் என்னும் மருத்துவர் கடுமையாக மறுத்தார். 1929இல் பழைய மருத்துவத்தையே ஒழித்தல் வேண்டும் என்னும் தீர்மானம் அரசின் சுகாதாரக் குழுவில் எழுந்தது. நாடெங்கும் மருத்துவர்கள் திரண்டு எதிர்த்ததால் அது நடைமுறைக்கு வரவில்லை. உள்நூல் கூறும் ஐந்து உறுப்புகள் அறுத்துப் பார்க்கும் உறுப்புகள் அல்ல, பருவங்களின் இயல்பைக் குறிப்பன என்று 1922இல் யுன் தியேசியாவ் எழுதியது அக்காலத்து விளக்கங்களுள் சிறந்தது எனலாம்.

அட்டவணை எதனைச் செய்யாது என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். சியென் யீயின் ‘சிவப்பை வழிநடத்தும் பொடி’யில் முதோங் என்னும் கொடி சேரும். பிற்காலத்தில் அப்பெயரால் வேறோர் இனத்துக் கொடி கடைகளில் வழங்கலாயிற்று. சுவையும் கைப்பு, செல்லும் உறுப்பும் அதுவே என ஏடு கூறியது. ஆனால் அக்கொடியில் உள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைப்பது எனக் கண்டறியப்பட்டு, 2003இல் சீன அரசு அதனை விலக்கியது. நஞ்சை அட்டவணை காட்டவில்லை, ஆய்வுக்கூடமே காட்டியது.

மற்றொன்று மகிழ்ச்சியான செய்தி. 4ஆம் நூற்றாண்டில் கோ ஹோங் என்பவர், சிங்ஹாவ் என்னும் பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்த சாறு முறைக்காய்ச்சலுக்கு ஆகும் என எழுதி வைத்தார். அக்குறிப்பில் காய்ச்சும் பேச்சு இல்லாததைக் கவனித்த தூ யோயோ அம்மையார், குறைந்த வெப்பத்தில் சத்தைப் பிரித்து 1971இல் வெற்றி கண்டார். மலேரியாவால் மடிய இருந்த உயிர்களைக் காத்த அம்மருந்துக்காக அவருக்கு 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருக்கு வழிகாட்டியது ஐந்தின் வட்டம் அன்று. பழைய மருத்துவர் ஒருவர் கண்டதைக் கண்டவாறு எழுதிய ஒரு வரி.

நண்பருக்குச் சொன்ன விடை

இவ்வளவும் படித்தபின் நண்பரிடம் சென்றேன். உப்பைச் சிறுநீரகத்தோடு இணைத்த அதே உள்நூல், உப்பை மிகுதியாக உண்டால் குருதியோட்டம் தடைப்பட்டு உடல் நிறம் மாறும் என்றும் எச்சரிக்கிறது. வட்டப்படம் வரைந்தவர் முதற்செய்தியை எழுதினார், இரண்டாவதை விட்டுவிட்டார். “உரிய சுவை என்றால் அள்ளித் தரத்தக்க சுவை என்று பொருள் அன்று” என்று விளக்கினேன். நண்பர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நல்ல வேளை, நான் கொடுக்கவில்லை” என்றார். மருத்துவர் கூறிய பத்தியத்தை விடாமல் காத்ததால், அம்மையாரின் கால் வீக்கம் சில வாரங்களில் வற்றியது. எலுமிச்சம்பழச் சாற்றையும் சீரகத்தையும் மருத்துவர் ஒப்புதலோடு சேர்த்துக் கஞ்சியும் இறங்கலாயிற்று.

எங்கள் இரயில்வேயில் கால அட்டவணை உண்டு. அஃது இன்றி ஒரு வண்டியும் ஒழுங்காக ஓடாது. ஆயினும் அட்டவணை வண்டியை இழுப்பதில்லை. இவ்வேளையில் இப்பாதை வெறுமையாக இருக்கும் என்று அதில் அச்சிட்டிருப்பினும், சிவப்புக் கைகாட்டியைக் கண்ட ஓட்டுநர் வண்டியை நிறுத்தியே ஆகவேண்டும். சீனரின் ஐந்தும் அத்தகையதோர் அட்டவணை. சியென் யீயும் லீ காவும் அதனைக் கையில் வைத்திருந்தனர். கண்ணையோ பாதையில் வைத்திருந்தனர். அதனால் பெருமை பெற்றனர். நம் நாட்டு மருத்துவ நெறிகளைப் போற்றும் நாமும் இவ்வுண்மையை உள்ளத்திற் கொள்வோமாயின், முன்னோர் தேட்டமும் நிலைக்கும், நோயாளியும் பிழைப்பார்.

வாழ்க நம் சங்கம்! வளர்க தமிழ்!